நாக்குப் படாத உறை

அத்தியாயம் ஐந்து

கடிதத்தை இரண்டாம் முறை படிக்கும்போதுதான் வரலட்சுமிக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்தது. முதல் முறை படித்தபோது நெஞ்சுக்குள் ஏதோ குளிர்ந்தது. அது குளிர்ந்திருக்கக் கூடாது.

"படிச்சிட்டீங்களா?" என்றார் பிரின்சிபால் எத்திராஜ்.

"படிச்சேன் சார்."

"இன்னொரு தடவை வேணும்னாலும் படிங்க. எனக்கு மனப்பாடமே ஆயிடுச்சு."

நீல மை. இடது கையால் எழுதிய கோணல்மாணல் எழுத்து. தேதி கிடையாது, கையெழுத்து கிடையாது. அசல் மொட்டைக் கடுதாசி.

'ஐயா, உங்கள் காலேஜில் முதல் மார்க் வாங்கும் வசந்தா கொடுத்திருக்கும் ஆய்வு அவள் சொந்தமாக எழுதியது அல்ல. மேற்படி வசந்தா அடுத்தவள் அடுப்பில் வெந்த சோற்றைத் தன் தட்டில் போட்டுக்கொண்டு ஊரைக் கூப்பிட்டு விருந்து வைக்கிறாள். விசாரிக்கவும்.'

அடுத்தவள் அடுப்பில் வெந்த சோறு. அந்த வரி வரலட்சுமிக்குப் பிடித்திருந்தது. தானே எழுதியிருந்தாலும் இப்படித்தான் எழுதியிருப்போம் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதை உடனே மடித்து ஓரமாக வைத்தாள்.

பதினோரு வருஷம் பெண்கள் சிறையில் மேட்ரனாக இருந்தவள் அவள். நாலு வருஷத்துக்கு முன்னால் வேலையை விட்டு, அம்பத்தூர் ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு சைக்கிள் கடை மாடியில் 'வரலட்சுமி துப்பறியும் நிலையம்' என்று போர்டு மாட்டினாள். மாப்பிள்ளை எப்படிப்பட்டவன் என்று விசாரிக்கச் சொல்லி வருவார்கள். ஓடிப்போன மகளைத் தேடச் சொல்லி வருவார்கள். ஒரு தடவை காணாமல் போன ஆட்டுக்காகக்கூட ஒருவர் வந்தார். எழுபத்திரண்டில் இந்த மாலைக் கல்லூரியில் குற்றவியல், சிறை நிர்வாகம் என்று இரண்டு வருஷ டிப்ளமோ ஆரம்பித்தபோது முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்தாள். வகுப்பு முழுக்க ஆவடி போலீஸ்காரர்களும் ஜெயில் வார்டர்களும்தான். பெண்கள் இரண்டே பேர். அவள் ஒருத்தி, வசந்தா ஒருத்தி.

கொரட்டூரிலிருந்து வருகிற இருபத்து நாலு வயசுப் பெண் வசந்தா. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஏதோ ஒரு தொழிற்சாலையில் டைப்பிஸ்ட். சிறையின் கம்பிக் கதவை வெளியிலிருந்துகூடப் பார்த்திராதவள். எல்லாப் பரீட்சையிலும் அவள்தான் முதல். வரலட்சுமி இரண்டாவது. இரண்டு மார்க், மூன்று மார்க், ஒரு தடவை அரை மார்க்.

"வெள்ளிக்கிழமை கமிட்டி கூடுது," என்றார் எத்திராஜ். "இன்னிக்குப் புதன். எழுதினது யாரு, சொன்னது நிஜமான்னு அதுக்குள்ள தெரியணும். தெரியலைன்னா வசந்தாவோட ஆய்வைத் தள்ளி வைச்சாகணும். தள்ளி வைச்சா டிப்ளமோ இல்லை. பூந்தமல்லி வேலையும் போயிடும்."

பூந்தமல்லியில் விடுதலையான பெண்களுக்காக ஒரு இல்லம் திறக்கப் போகிறார்கள். அதன் சூப்பரின்டெண்டென்ட் வேலை, டிப்ளமோவில் முதலாவதாக வரும் பெண்ணுக்கு என்று பேச்சு.

"அவ இல்லைன்னா அந்த வேலை எனக்குத்தானே சார் வரும்? என்னையே விசாரிக்கச் சொல்றீங்களே."

"நான் சொல்லலைம்மா. வசந்தாதான் சொன்னா. 'வரலட்சுமி அக்கா விசாரிக்கட்டும் சார், அவங்க சொன்னா சரியா இருக்கும்'னா."

வரலட்சுமிக்குச் சுருக்கென்றது. மார்க்குதான் போகட்டும். இந்தப் பெருந்தன்மையையும் அவளேதான் வைத்துக்கொள்ள வேண்டுமா?

கதவோரம் பையை அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள் நாகம்மாள், துப்பறியும் நிலையத்தின் உதவியாளர், சமையல்காரி, வாய்த்துடுக்கு எல்லாம். நாலு வருஷம் உள்ளே இருந்தவள். எதற்காக என்று வரலட்சுமி ஒரு நாளும் கேட்டதில்லை, பைலில் படித்திருந்தாள். வரலட்சுமி வேலையை விட்ட அதே மாசம் நாகம்மாளுக்கு விடுதலை. வெளியே வந்தவள் சிறை வாசலிலேயே நின்று, "நீயும் ரிலீஸா மேட்ரனம்மா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து கூடவே இருக்கிறாள்.

"இடது கையால எய்தினதுன்னு எப்டி சொல்றீங்கோ?" என்றாள் நாகம்மாள். "எங்க தெரு டாக்டரு சோத்துக் கையாலயே இப்டித்தான் எய்தறாரு."

எத்திராஜ் சிரிக்கவில்லை. "இந்த வார்த்தையைப் பாருங்க. மேற்படி. இது போலீஸ் பாஷை. வகுப்பிலே மூணாவது மார்க் யாரு? ஆவடி ஏட்டு கன்னியப்பன். எனக்கு அவர் மேலேதான் சந்தேகம்."

"போலீஸ் மேல சந்தேகம்னா போலீஸ் டேசன்ல சொல்லணுமா, நம்மாண்ட சொல்லணுமா?" என்றாள் நாகம்மாள். கடிதத்தை வாங்கி உறைக்குள் போட்டு, உறையின் மூடி மடலை உள்ளே செருகிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

*

ஆவடி வண்டியில் கூட்டமில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து வரலட்சுமி யோசித்துக்கொண்டே வந்தாள். யோசித்தது கன்னியப்பனைப் பற்றி அல்ல.

போன வருஷம் மழைக்காலம். வகுப்பு முடிந்து பஸ்ஸுக்கு நின்றபோது வசந்தாவிடம் குடை இல்லை. ஒரே குடைக்குள் முக்கால் மணி நேரம். "ஜெயில்ல என்னக்கா வேலை செஞ்சீங்க?" என்று அவள் கேட்டாள். எதுவும் நினைக்காமல் வரலட்சுமி சொன்னாள்: கைதிகள் எழுதும் கடிதங்களைப் படிப்பதுதான் பெரிய வேலை. கூடாத வரிகளை மையால் அடிக்க வேண்டும். ஒருத்தி மகனை விசாரிக்க மாட்டாள், எருமையைப் பேர் சொல்லி விசாரிப்பாள். இன்னொருத்தி வெறும் தாளில் வெற்றிலைச் சாற்றால் விரல் ரேகை மட்டும் பதித்து அனுப்புவாள். கேட்கக் கேட்க அந்தப் பெண்ணின் கண் விரிந்தது. வரலட்சுமிக்குப் பேசிக்கொண்டே இருக்க வேண்டும் போலிருந்தது.

மூன்று மாசம் கழித்து ஆய்வுத் தலைப்புகளைப் பேராசிரியர் லோகநாதன் வாசித்தார். 'சிறையிலிருந்து போகும் கடிதங்கள்: வசந்தா.' பென்ஷன் வாங்கிய ஜெயில் சூப்பரின்டெண்டென்ட் அவர். "முப்பது வருஷம் இருந்தேன், எனக்குத் தோணலையே இந்த விஷயம்," என்று வகுப்பில் சொன்னார். பதினோரு வருஷம் இருந்த வரலட்சுமிக்கும் தோன்றவில்லை. வயிறு எரிந்தது அதனால்தான். திருடு போயிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். தன் வீட்டில் கிடந்ததைப் பொன் என்று தெரியாமல் தானே எடுத்துக் கொடுத்திருக்கிறாள். அதற்கு யார்மேல் புகார் கொடுப்பது?

அந்த ஆய்வை அவள் இதுவரை ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை.

"வசந்தா கிட்ட யாருக்கு என்ன விரோதம் இருக்கும்? வசந்தாதான் எல்லார்கிட்டயும் சிரிச்சுப் பேசுவாளே," என்றாள் வாய்விட்டு.

"எட்டு," என்றாள் நாகம்மாள்.

"என்ன எட்டு?"

"அந்தப் பொண்ணு பேரை காலீலேந்து எட்டு வாட்டி சொல்லிட்டே. எண்ணிகினுதான் வரேன். கோயில்ல லட்சார்ச்சனைக்குக்கூட இவ்ளோ வேகம் கெடையாது."

*

ஆவடியை ஒட்டிய கோவில்பதாகையில் கன்னியப்பன் தன் வீட்டு வாசலில் பலகை போட்டு, கரி இஸ்திரிப் பெட்டியால் காக்கிச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கடிதத்தைப் படிக்கச் சொன்னதும் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். புகார் மனு வாங்குகிறவர் மாதிரியே தூரப் பிடித்துப் படித்தார்.

"இதை நான் எய்தினேன்னு யாரு சொன்னது?"

"மேற்படி சொல்லுது," என்றாள் வரலட்சுமி.

கன்னியப்பன் வயிறு குலுங்கச் சிரித்தார். "அக்கா, பன்னெண்டு வருசமா ரிப்போர்ட் எய்தற கை இது. எங்க ஊட்டுக்காரிக்குக் கடுதாசி போட்டாக்கூட மேலே தேதி, நேரம், எடம் மூணும் போட்டாத்தான் 'அன்புள்ள'ன்னே வரும். இதுல நேரம் எங்கே கீது? போலீஸ்காரன் நேரம் போடாம பொய் சொல்ல மாட்டான்."

"அன்புள்ள மேற்படியாளுக்குன்னு எய்துவியா அண்ணாத்தே?" என்றாள் நாகம்மாள்.

"எய்தியும் கீறேன்மே. அதுக்குத்தான் அவ பதிலே போடல."

பிறகு அவர் சிரிப்பு மெல்ல அடங்கியது. சட்டைக் காலரை நீவிக்கொண்டே, வரலட்சுமியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "பொறாமை இல்லேன்னு சொல்ல மாட்டேன். அந்தப் பொண்ணு நோட்டை எட்டிப் பாத்து எய்துன ஆளு நானு. ஆனா அது போனா எனக்கு இன்னா வரும்? ரெண்டாவதா வருவேன். பொம்பளைங்கோ ஹோம்ல என்னை வேலைக்கு வெச்சுப்பாங்களா? இதனால லாபம் யாருக்குன்னு மொதல்ல கேளுங்கடான்னு லோகநாதன் சார் மொதல் கிளாஸ்லயே சொன்னாரே. அதைக் கேளுங்கக்கா."

கேட்க வேண்டியதே இல்லை. பதில் அவர் எதிரில் பழைய கைத்தறிப் புடவை கட்டிக்கொண்டு நின்றது.

கன்னியப்பன் உறையைத் திருப்பிப் பார்த்தார். "இன்னொண்ணு கவனிச்சீங்களா? இதை ஒட்டவே இல்லியே. திருட்டுத்தனமா எய்தறவன் கோந்து மேல கோந்து பூசுவான். இவன் மடலை உள்ளே செருகி அனுப்பிக்கறான், யார் வேணா படிச்சுக்கங்கோன்னு. இன்னா ஆளு இவன்?"

வரலட்சுமி உறையை வாங்கினாள். மடலின் ஓரத்தில் பசை, தபாலாபீசில் வாங்கியபோது இருந்த பளபளப்போடு அப்படியே இருந்தது. ஒரு நாக்கும் அதில் படவில்லை.

பழைய சிறை அலுவலகம் ஞாபகம் வந்தது: காலை பத்து மணி. மேஜை மேல் கடிதக் கட்டு. அத்தனையும் திறந்த உறைகள், மடல் உள்ளே செருகியவை. அதுதான் சட்டம். மேட்ரன் படித்து, முத்திரை குத்தி, பிறகுதான் ஒட்ட வேண்டும். ஒட்டி வந்த கடிதம் அப்படியே எழுதினவளிடம் திரும்பிப் போகும். அந்த மாசம் அவளுக்கு வேறு கடிதம் கிடையாது. புதிதாக வருகிறவள் ஒரு தடவை ஒட்டுவாள். மறு தடவை ஒட்ட மாட்டாள்.

பதினோரு வருஷம் தன் கையால் பிரித்த உறைகள். இந்த உறை மத்தியானத்திலிருந்து கூடவே வருகிறது, கண்ணில் படவில்லை. எப்படிப் படும்? உள்ளே இருந்த வரிகள் உண்மையாக இருக்காதா என்றுதான் திரும்பத் திரும்பப் பார்த்தாளே தவிர, வெளியே எங்கே பார்த்தாள்?

தெருவில் இறங்கியதும் சொன்னாள்: "நாகு, இது உள்ளே இருந்துட்டு வந்த பொம்பளை எழுதினது. சந்தேகமே இல்லை."

நாகம்மாள் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள்.

"ஆய்வுக்காக வசந்தா விடுதலையான பொம்பளைங்க ஏழெட்டுப் பேரைப் பார்த்துப் பேசியிருக்கா. அதுல ஒருத்திக்குத் தன் கதையை எடுத்து எழுதிட்டாளேன்னு ஆத்திரம் வந்திருக்கும். அடுத்தவ அடுப்புங்கறது அதுதான். யார் யாருன்னு தெரியணும்னா ஆய்வைப் படிச்சாகணும்."

ஆவடி ஸ்டேஷன் வரைக்கும் நாகம்மாள் வாயே திறக்கவில்லை. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று வரலட்சுமி நினைத்துக்கொண்டாள். வசந்தாவின் பேரை மறுபடியும் சொன்னபோதும் எண்ணிக்கை வரவில்லை.

*

கொரட்டூர் ஏரிக்கரையை ஒட்டி வசந்தாவின் வீடு. "நான் இங்கியே குந்திகினு கீறேன். ஏரிக் காத்து நல்லா கீது," என்று நாகம்மாள் கரைமேலேயே நின்றுவிட்டாள்.

வசந்தாவின் கண்கள் வீங்கியிருந்தன. அழுதால்கூட அழகாயிருக்கிறாளே என்று வரலட்சுமிக்கு ஓடியது. தன் மனசின் அற்பத்தை நினைத்து அவளுக்கே வெட்கமாயிருந்தது.

"கார்பன் காப்பிதாங்க்கா இருக்கு," என்று தைத்த கட்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். "நீங்க படிச்சு நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொல்வீங்கன்னு ரெண்டு மாசமா காத்திட்டிருந்தேன். நீங்க கேக்கவே இல்லை."

வரலட்சுமி பக்கங்களைத் திருப்பினாள். மூன்றாம் பக்கத்தில் எருமை. ஐந்தில் வெற்றிலைச் சாற்று ரேகை. வாக்கியத்துக்கு வாக்கியம் கடைசியில் அடைப்புக்குறிக்குள் ஒரு எழுத்து: (வ). மறுபடியும் (வ). ஏழாம் பக்கத்தில், அவள் உலகத்தில் யாரிடமும் சொல்லாத, அன்று குடைக்குள் எப்படியோ வாய் தவறி வந்துவிட்ட விஷயம்: 'அடிக்க மனசு வராத வரிகளின் மேல் மேட்ரன் மையைத் தண்ணீர் கலந்து பூசுவாள். மேலதிகாரிக்கு அடித்த மாதிரி இருக்கும். வெளிச்சத்தில் பிடித்தால் வீட்டார் படிக்கலாம். (வ)'

வரலட்சுமி அந்த எழுத்தின் மேல் விரலை வைத்தாள். "நான் சொன்னதையெல்லாம் எழுதிட்டு, கீழே உன் எழுத்தையே போட்டுக்கிட்டியா?"

"என் எழுத்தா?"

"வ. வசந்தா."

வசந்தா ஒன்றும் புரியாமல் பார்த்தாள். பிறகு புரிந்ததும் அவள் முகம் சுண்டியது. "அக்கா, என் சொந்தச் சரக்குக்கு நான் ஏன் குறி போடப் போறேன்? அடுத்தவங்க சொன்னதுக்குத்தானே குறி? இங்கே பாருங்க, தா, பொ, க. அவங்கவங்க பேரோட முதல் எழுத்து. வ, வரலட்சுமி. உங்க முழுப் பேரையும் போட்டுத்தான் எழுதியிருந்தேன். லோகநாதன் சார்தான், மேட்ரனே மையில தண்ணி கலந்தான்னு பேரோட வந்தா உங்களுக்கு வம்பு, எழுத்து மட்டும் போதும்னார்."

நாற்பத்திரண்டு பக்கத்தில் பாதிக்கு மேல் (வ). தன் வாழ்க்கையில் வேறு யாரும் தன்னை இத்தனை தடவை குறித்து வைத்ததில்லை என்று வரலட்சுமிக்கு உறைத்தது. கோபத்துக்குப் பிடிமானமே இல்லாமல் போய்விட்டது. அதுவும் வேதனையாகத்தான் இருந்தது. இத்தனை மாசம் அதைப் பிடித்துக்கொண்டுதான் நடந்துகொண்டிருந்தாள்.

வந்த காரியத்துக்காகப் பக்கத்தைப் புரட்டினாள். முப்பத்தொன்றாம் பக்கத்தில் கண் நின்றது.

'உள்ளே இருந்தப்போ கவரை ஒட்டினா கடுதாசி போவாது. இப்போ வெளியே வந்து நாலு வருசமாவுது. இன்னும் ஒட்டறதுக்கு நாக்கை நீட்டினா யாரோ பின்னாடி நிக்கிற மாதிரியே கீது. உள்ளே செருகிட்டுப் பொட்டில போட்டுட்டு வந்துடறேன். (நா)'

"இது யாரு?"

"பேர் சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன்க்கா. ஒரே நாள்தான் பேசினாங்க. அதுலயும் அவங்களைப் பத்திப் பேசினது கொஞ்சம்தான். பாதிக்கு மேலே உங்களைப் பத்தித்தான்." சொல்லிவிட்டு வசந்தா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

ஜன்னலுக்கு வெளியே, கரைமேல், நாகம்மாள் ஒரு சுள்ளியைத் துண்டு துண்டாக ஒடித்துத் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் மொட்டைக் கடுதாசியின் அந்த அடுப்பு வரி வந்த இடமும் ஞாபகத்துக்கு வந்தது. கடைசிப் பரீட்சை மார்க் வந்த சாயங்காலம். சமையலறையில் அரிசி களைந்துகொண்டே வரலட்சுமி சொன்னாள்: "அடுத்தவ அடுப்புல வெந்த சோத்தைத் தன் தட்டுல போட்டுக்கிட்டு ஊருக்கே விருந்து வைக்கிறா." பக்கத்தில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தது ஒரே ஒரு ஆள்தான்.

*

கொரட்டூர் பிளாட்பாரத்தில் அம்பத்தூர் வண்டிக்கு இன்னும் நேரம் இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து வரலட்சுமி பையிலிருந்து ஒரு புது உறையை எடுத்தாள். உள்ளே ஒரு வெற்றுத் தாளை வைத்தாள்.

"இதை ஒட்டிக் கொடு நாகு."

குரலை எவ்வளவு சாதாரணமாக வைக்க முடியுமோ அவ்வளவு சாதாரணமாக வைத்தாள். ஒட்டிவிடு, ஒட்டிவிடு என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தாள். ஒரு துப்பறிகிறவள் தன் துப்பு தப்பாகப் போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

நாகம்மாள் உறையைப் பார்த்தாள். பசையைப் பார்த்தாள். பிறகு வரலட்சுமியின் முகத்தை நிதானமாகப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே மடலை உள்ளே செருகினாள்.

"தெரிஞ்சிகினுதானே கேக்கறே," என்றாள். "ரெண்டு மணிக்கே கண்டுபுடிச்சிருவேன்னு நெனச்சேன். அஞ்சு மணியாக்கிட்டே."

"ஏன் நாகு?"

"நீதானே சொன்னே, அடுத்தவ அடுப்புன்னு."

"சொன்னேன். எழுதுன்னா சொன்னேன்?"

"சொல்லிட்டு சோறு துன்னியா? அந்த வாரம் முச்சூடும் தட்டுல கோலம் போட்டுகினு இருந்தே. அந்தப் பொண்ணு ஒயிஞ்சா நீ துன்னுவேன்னு பாத்தேன்."

"அவ்வளவுதானா?"

நாகம்மாள் தண்டவாளத்தைப் பார்த்தாள். "இல்ல," என்றாள். "ஆறு மாசமா ஒன் வாயில அவ பேருதான். திட்டறதுக்கும் அவ பேரு, பெருமூச்சு உடறதுக்கும் அவ பேரு. எம் பேரை எப்போ சொல்றே? காப்பிக்கு ஒரு வாட்டி, வெளக்குமாத்துக்கு ஒரு வாட்டி. சரி, அவ இன்னாதான் அப்டி ஒஸ்தின்னு பாக்கத்தான் போய்ப் பேசினேன். நல்ல பொண்ணா வேற இருந்து தொலைச்சா."

வரலட்சுமிக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. "மேற்படின்னு எங்கே கத்துக்கிட்டே?"

"ஒன்னாண்டதான். மாசா மாசம் எய்துவியே. மேற்படி கைதி ஒழுங்காக நடந்துகொள்கிறாள். மேற்படி கைதி வார்டரிடம் எதிர்த்துப் பேசினாள். எனக்குத் தெரிஞ்ச ஆபீஸ் பாஷை அம்புட்டுதான்."

ஒரு கூட்ஸ் வண்டி நிற்காமல் கடந்தது. அது போய் முடியும் வரைக்கும் வரலட்சுமி யோசித்தாள். யார் என்று தெரியவில்லை சார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாகம்மாளுக்கு ஆபத்தில்லை. வெள்ளிக்கிழமை ஆய்வைத் தள்ளி வைப்பார்கள். பூந்தமல்லி வேலை தானாக வந்து சேரும். பொய் சொல்லக்கூட வேண்டாம், சும்மா இருந்தால் போதும். அந்த நினைப்பு இனித்தது. இனித்ததை அவள் தன்னிடம் மறைத்துக்கொள்ளவில்லை. நீளமான வண்டி அது. கடைசிப் பெட்டி கடந்ததும், ஏரிக்கரையை ஒட்டித் தனியாக நின்ற வசந்தாவின் வீடு எதிரே தெரிந்தது.

மடியில் பையை வைத்து, அதன்மேல் தாளை வைத்து எழுதினாள்.

'ஐயா, கடிதத்தில் உள்ள குற்றச்சாட்டு பொய். பிறர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் வசந்தா குறி போட்டிருக்கிறார். (வ) என்பது நான். மையில் தண்ணீர் கலந்ததும் நான்தான். அடுத்தவள் அடுப்பு என்று தொடங்கும் வரி, பொறாமையில் நான் என் வீட்டில் சொன்னது. எழுதிய கை யாருடையது என்று கமிட்டி கேட்டால், என் வீட்டுக் கை என்று குறித்துக்கொள்ளலாம். பூந்தமல்லி வேலைக்கு என் பெயரைப் பார்க்க வேண்டாம். வரலட்சுமி.'

மடித்து உறைக்குள் வைத்து, ஒட்டாமல் நாகம்மாளிடம் நீட்டினாள். "படி."

"ஒன் கடுதாசிய நான் படிக்கறதா?"

"உன்னுது எத்தனை நான் படிச்சிருக்கேன்? படி. கூடாத வரி இருந்தா அடிச்சிடு." பேனாவையும் கொடுத்தாள்.

நாகம்மாள் எழுத்துக் கூட்டி, உதடு அசைய, முழுக்கப் படித்தாள். பூந்தமல்லி வரியில் பேனா கொஞ்ச நேரம் நின்றது. வரலட்சுமி வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். பேனா மேலே போயிற்று. 'என் வீட்டுக் கை' என்ற இடத்தில் ஒரு கோடு விழுந்தது. அதன் தலைமேல், வலது கையால், குண்டு குண்டாக எழுதினாள்: நாகம்மாள்.

"இது என்ன?"

"தப்பா எய்தியிருந்தே, திருத்திக்கறேன். எம் பேரை எய்த இதைவுட்டா ஒனக்கு எப்போ தோணப் போவுது?" பிறகு, குரல் இறங்கி, "அந்தப் பொண்ணாண்ட இப்பவே போய் நானே சொல்லிட்டு வந்துடறேன். இந்த வண்டி போனா அடுத்த வண்டி," என்றாள்.

உறையை முகத்துக்கு நேராகத் தூக்கினாள். ஒரு தடவை தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. நாக்கு நுனியால் பசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மெதுவாக நனைத்து, மடலை மூடி, உள்ளங்கையால் அழுத்தினாள்.

"தூ. இவ்ளோ கசக்குமா இது?"

ஸ்டேஷன் வாசலில் இருந்த சிவப்புப் பெட்டியில் கடிதத்தைப் போட்டார்கள். ஏரிக்கரைப் பக்கம் திரும்பியபோது நாகம்மாள் கேட்டாள்: "நெசத்தைச் சொல்லு. அந்தப் பொண்ணு நல்லாத்தான் எய்திக்கீதா?"

பக்கம் பக்கமாக அந்த எழுத்து வரலட்சுமியின் கண்முன் வந்தது. தன் பதினோரு வருஷத்தை யாரோ விளக்கேற்றி வைத்துப் பார்த்த மாதிரி இருந்தது அது. தன்னால் அப்படி எழுதியிருக்கவே முடியாது. அந்த எரிச்சல் வயிற்றில் இன்னும் சூடாகத்தான் கிடந்தது; உடனே அணைகிற மாதிரியும் தெரியவில்லை.

"ரொம்ப நல்லா எழுதியிருக்கா வசந்தா," என்றாள்.

நாகம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னே நடந்தாள்.

"பத்தொம்போது," என்றாள், திரும்பிப் பார்க்காமலே.